தண்டவாளம் மாதிரி ஒரு ‘ஐ’: ஸ்லாப் செரிஃப் என்றால் என்ன?

பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குக் கல்யாணப் பத்திரிகை வாங்கப் போகாத வடசென்னைக் குடும்பம் குறைவு. கீழே பேப்பர் கடைகள், பத்திரிகைக் கடைகள். அவற்றுக்கு மேலே குறுகலான படியேறிப் போனால் என்னைப் போன்ற டிடிபி ஆட்கள். மலர், துண்டறிக்கை, கவிதைத் தொகுப்பு என்று புத்தகப் பக்கம் கட்டுவதுதான் என் வேலை. அங்கே வருகிறவர்களில் சிலர், “சார், அந்த ஸ்லாப் ஃபாண்ட் இருக்கே, அதுல போட்டுக் குடுங்க” என்பார்கள். எது என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும்.

ஒருவருக்கு அது கௌபாய் படத்துப் போஸ்டர் எழுத்து. இன்னொருவருக்கு டைப்ரைட்டர் எழுத்து. வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு தம்பி தன் கால்பந்து ஜெர்சியின் முதுகைக் காட்டி, மூலை வெட்டிய அந்தப் ‘10’ஐத் தொட்டு, “இதுதானேண்ணா?” என்றான். நான்காமவர் கேட்டது வெறும் போல்டு. இவர்களில் தப்பாகச் சொன்னவர் அந்தப் போல்டுக்காரர் ஒருவர்தான். மற்ற மூவரும் யானையின் வாலையும் காதையும் தொட்டவர்கள் மாதிரி, பாதி சரி.

இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெரும்பகுதி ஆங்கில எழுத்தைப் பற்றித்தான் இருக்கும். ஸ்லாப் செரிஃப் பிறந்த வீடு அதுதான். தமிழுக்கு வரும்போது கதை வேறு பக்கம் திரும்பும்.

## முதலில் பாதம்

ஆங்கிலப் பெரிய ‘ஐ’யை ஒரு தாளில் எழுதுங்கள். சிலர் வெறுமனே நேராக ஒரு கோடு இழுப்பார்கள். சிலர் அதன் தலையிலும் காலிலும் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவார்கள். அந்தக் குறுக்குக் கோடுதான் செரிஃப். எழுத்தின் முக்கியக் கோடு முடிகிற இடத்தில் ஒட்டியிருக்கும் சிறிய பாதம் என்று வைத்துக்கொள்ளலாம். பாதம் இல்லாதவை சான்ஸ் செரிஃப். கைபேசியில் நீங்கள் பார்க்கிற எழுத்துகளில் பெரும்பாலானவை பாதம் இல்லாதவைதான்.

1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் முகப்புத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். தூண் அப்படியே போய்த் தரையில் குத்தி நிற்காது. அடியில் கொஞ்சம் அகன்று, உட்கார்ந்த மாதிரி முடியும். ஆங்கில எழுத்தின் பாதம் ரோமாபுரிச் சரக்கு. ரோமானியர்கள் கல்லில் வெட்டிய எழுத்துகளில் அது தெளிவாகத் தெரியும். ரோமில் 113ஆம் ஆண்டில் எழுப்பிய டிராஜன் தூணின் அடிக் கல்வெட்டை இன்றைக்கும் எழுத்துரு வடிவமைப்பவர்கள் பார்த்துப் பழகுகிறார்கள்.

பாதம் இருந்தால் கண் வரி தவறாமல் வழுக்கிக்கொண்டு போகும், அதனால்தான் புத்தகத்துக்குச் செரிஃப் என்று அடித்துச் சொல்வார்கள். நானும் பல வருஷம் சொல்லியிருக்கிறேன். ஆய்வுகளில் அதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. எழுத்தின் அளவு, வரி இடைவெளி, பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் படிக்கும் சுகத்தைத் தீர்மானிக்கின்றன. பாதத்தை அழகு என்றோ மரபு என்றோ சொல்லுங்கள், சண்டை இல்லை.

## ஸ்லாப் என்றால் நமக்குத் தெரிந்த அதே ஸ்லாப்

இந்த வார்த்தைக்கு வடசென்னையில் மொழிபெயர்ப்பு தேவையில்லை. மழைநீர்க் கால்வாயின் மேல் மூடியிருக்கிறதே, அதுதான் ஸ்லாப். ஐப்பசி மழையில் எது உடைந்திருக்கிறது, எதில் கால் வைக்கலாம் என்று யோசித்து யோசித்துத் தாண்டாதவர்கள் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் கிடையாது. தட்டையாக, ஒரே கனத்தில், ஓரம் நேராக வெட்டிய பலகை. எழுத்தின் பாதம் அந்த மாதிரி இருந்தால் அது ஸ்லாப் செரிஃப்.

மற்றப் பாதங்கள் எப்படி இருக்கும்? பழைய புத்தக எழுத்துகளில் பாதம் ஆப்பு மாதிரி, முனைக்குப் போகப் போக மெலிந்துகொண்டே போகும். போடோனி போன்ற 18ஆம் நூற்றாண்டின் கடைசிக்கால எழுத்துகளில் பாதம் தலைமுடி மாதிரி ஒரு மெல்லிய கீற்று. கோடு தடியாக இருக்கும், பாதம் நூலாக இருக்கும். ஸ்லாப்பில் பாதத்தின் கனமும் கோட்டின் கனமும் ஏறக்குறைய ஒன்று.

கொருக்குப்பேட்டை பக்கம் போனால் கிடக்கும் தண்டவாளத் துண்டின் அறுபட்ட முனையைப் பாருங்கள். நடுவில் ஒரு தண்டு, மேலே ஒரு பட்டை, கீழே அகலமாக ஒரு பட்டை. கட்டடத்துக்குப் போடுகிற இரும்பு கர்டர் இன்னும் கச்சிதம், மேலும் கீழும் ஒரே அளவு. ஸ்லாப் செரிஃபின் பெரிய ‘ஐ’ அச்சு அசல் அதுதான்.

இப்போது அந்தப் போல்டுக்காரரின் குழப்பத்துக்கு வருவோம். போல்டு என்பது எழுத்து முழுக்க ஏறியிருக்கும் கனம். ஸ்லாப் என்பது பாதத்தின் வடிவம். ஒல்லியான ஆள் பெரிய பூட்ஸ் போட்டால் ஆள் குண்டாகிவிடுவதில்லை. அதே மாதிரி ஸ்லாப்பிலும் மெல்லியது உண்டு, நடுத்தரம் உண்டு, குண்டு உண்டு. “ஸ்லாப்ல போடுங்க” என்பதும் “போல்டுல போடுங்க” என்பதும் இரண்டு தனித்தனி வேண்டுகோள்கள்.

ஸ்லாப்பிலேயே இரண்டு ஜாதி முக்கியம். மொட்டைமாடியில் தரையும் கைப்பிடிச் சுவரும் சேருகிற மூலையில், தண்ணீர் தேங்காமல் இருக்க சிமெண்ட்டை வளைத்துப் பூசுவார்கள், பார்த்திருக்கிறீர்களா? கோடும் பாதமும் சேருகிற மூலையில் அப்படி வளைத்துப் பூசியிருந்தால் அது கிளாரெண்டன் வகை. மூலையை அப்படியே செங்கோணமாக விட்டிருந்தால் அது ஜியோமெட்ரிக் வகை. மெம்ஃபிஸ் (1929), ராக்வெல் (1934) எல்லாம் இரண்டாவது ஜாதி. ஸ்கேலும் காம்பஸும் வைத்து வரைந்த மாதிரி இருக்கும்.

இவ்வளவு தெரிந்தால் தெருவில் நடக்கும்போதே அடையாளம் பிடிக்கலாம். ஹோண்டா வண்டியின் டேங்க்கில் இருக்கும் ஆங்கிலப் பெயர், சோனி டிவியின் அடியில் இருக்கும் பெயர், ஐபிஎம்மின் கோடு போட்ட மூன்று எழுத்து, எல்லாமே ஸ்லாப். தம்பியின் ஜெர்சி எண்ணும்தான்.

## எகிப்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

இந்த வகைக்கு ‘எகிப்தியன்’ என்றும் ஒரு பெயர் உண்டு. பிரமிடுகளில் இருந்து வந்ததாக நினைத்துவிடாதீர்கள். 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்துப் போனதற்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் பிடித்து ஆட்டியது. நாற்காலியில் இருந்து கட்டடம் வரை எல்லாவற்றிலும் எகிப்து. அச்சுக்கு ஈய எழுத்து வார்த்துக் கொடுத்த லண்டன் வார்ப்பகங்களும் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டன. இதில் கூத்து, 1816இல் வில்லியம் கேஸ்லன் என்ற வார்ப்பாளர் (அந்தப் பெயரில் நான்காமவர்) பாதமே இல்லாத ஓர் எழுத்துக்கு ‘எகிப்தியன்’ என்று பெயர் வைத்தார். அதே காலத்தில் ஸ்லாப் எழுத்தை வெளியிட்ட வின்சென்ட் ஃபிகின்ஸ் அதற்கு ‘ஆன்ட்டீக்’, அதாவது பழங்காலம், என்று பெயர் வைத்தார். புத்தம் புதுச் சரக்குக்கு! பெயர்க் குழப்பம் ஆண்டர்சன் தெருவில் ஆரம்பித்ததல்ல.

அது பிறந்த காரணம் சந்தை. தொழிற்புரட்சிக் காலத்து லண்டனில் லாட்டரி, நாடகம், மருந்து என்று எல்லாவற்றுக்கும் சுவரொட்டி. ஒரு சுவரில் பத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தால் எது முதலில் கண்ணில் படும் என்பதுதான் போட்டி. அமெரிக்காவில் 1827இல் டேரியஸ் வெல்ஸ் மரத்தில் பெரிய எழுத்துகளை இயந்திரத்தால் குடைந்து எடுக்க ஆரம்பித்ததும் போஸ்டர் எழுத்து மலிவானது. கௌபாய் படத்தின் ‘தேடப்படுகிறார்’ போஸ்டர் இந்த வழியில் வந்த பிள்ளை.

புத்தகத்துக்குள் இது நுழைந்தது அகராதி வழியாக. 1845இல் ராபர்ட் பெஸ்லியின் லண்டன் வார்ப்பகம் கிளாரெண்டனை வெளியிட்டது. சாதாரண உரை எழுத்தோடு ஒரே வரியில் கூச்சமில்லாமல் நிற்கிற மாதிரி அளந்து செய்த கனமான எழுத்து. அகராதியில் தலைச்சொல் கனமாக, விளக்கம் சாதாரணமாக வர வேண்டும் அல்லவா? அதற்கு வாகாக அமைந்தது. புதிய வடிவங்களுக்கான இங்கிலாந்துச் சட்டத்தின்படி பெஸ்லி அதைப் பதிவும் செய்தார். பாதுகாப்பு மூன்றே வருஷம். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்கள் எல்லாம் நகல் எடுத்துத் தள்ளின.

## டைப்ரைட்டர் ஏன் ஸ்லாப்பைப் பிடித்துக்கொண்டது

தண்டையார்ப்பேட்டையில் ஒரு காலத்தில் இரண்டு தெருவுக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று தட்டித் தட்டி லோயர் பாஸ் செய்து, ஹையர் பாஸ் செய்து வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அந்த மெஷினில் ஒரு விஷயம் கவனித்திருப்பார்கள். எந்த எழுத்தைத் தட்டினாலும் வண்டி ஒரே தூரம்தான் நகரும். அகலமான ‘எம்’முக்கும் ஒரே இடம், ஒல்லி ‘ஐ’க்கும் ஒரே இடம். இப்படி எல்லா எழுத்துக்கும் சம அகலம் கொடுக்கும் முறைக்கு மோனோஸ்பேஸ் என்று பெயர்.

சரி, ஒல்லி ‘ஐ’ அவ்வளவு அகலமான இடத்தில் தனியாக நின்றால் இரண்டு பக்கமும் ஓட்டை விழும். அதற்கு நீளமான பட்டைப் பாதம் கொடுத்தால் இடம் நிரம்பும். அதோடு, சுத்தியல் மாதிரி வந்து ரிப்பனை அடிக்கிற எழுத்தில் மெல்லிய கீற்றுகள் இருந்தால் சீராகப் பதியாது. ஒரே கனமாக இருந்தால் சீராகப் பதியும். 1955இல் ஐபிஎம்முக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் இதற்கு நல்ல உதாரணம். ஹாலிவுட் திரைக்கதைகளை இன்றும் பெரும்பாலும் அதில்தான் எழுதுகிறார்கள்.

அப்படியானால் இடம் நிரப்புவது ஒரு காரணம், அடி தாங்குவது இன்னொரு காரணம். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம். புத்தகத்தின் விஷயம் அதில்தான் இருக்கிறது.

## தாளும் மையும் எழுத்தை என்ன செய்கின்றன

இங்க் பேனாவை எடுத்து, செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். மை ஊறிப் பரவும். அடுத்து நல்ல வழவழப்பான பத்திரிகை அட்டையில் எழுதுங்கள். கோடு போட்டது போட்டபடி நிற்கும். அச்சிலும் நடப்பது இதேதான், அளவு மட்டும் சின்னது. மலிவுத் தாளில் கோடு கொஞ்சம் கனக்கும், ஓரம் பிசிறும். மை குறைந்தால் மெல்லிய கோடு விட்டுவிட்டு வரும்.

இங்கே ஒரு சொல் தேவைப்படுகிறது. ஓர் எழுத்தின் தடித்த கோட்டுக்கும் மெலிந்த கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை கான்ட்ராஸ்ட் என்பார்கள். போடோனிக்குக் கான்ட்ராஸ்ட் மிக அதிகம். ஸ்லாப்புக்குக் குறைவு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். 10 பாயிண்ட் என்றால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். அந்த அளவில் போடோனி வகையின் மெல்லிய கீற்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது, தலைமுடி கனம்தான். தாள் கொஞ்சம் உறிஞ்சினால் அது இரட்டிப்பாகும், மை கொஞ்சம் குறைந்தால் காணாமல் போகும். ஸ்லாப்பின் பாதம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கனம். அதே அளவு மை கூடினாலும் குறைந்தாலும் அதன் உருவம் அதிகம் மாறாது. அவ்வளவுதான் ரகசியம். ஸ்லாப் அழகாக இருக்கிறதோ இல்லையோ, சேதாரத்தைத் தாங்கும்.

திரையிலும் இதே கணக்கு. 2007இல் வந்த முதல் கிண்டிலின் (அமேசானின் மின்புத்தகக் கருவி) திரையில் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். ஒரு புள்ளி சுமார் 0.15 மில்லிமீட்டர். தலைமுடிக் கீற்று அரைப் புள்ளி அளவு. அரைப் புள்ளியை எப்படிக் காட்டுவது? ஒரு முழுப் புள்ளியைச் சாம்பலாக்க வேண்டும். அந்தத் திரைக்கு இருந்ததோ வெள்ளையும் கறுப்பும் சேர்த்து நான்கே நிறங்கள். அங்கே உரைக்குப் போட்டிருந்த எழுத்து சிசீலியா, ஒரு ஸ்லாப் செரிஃப். டச்சுக்காரர் பீட்டர் மத்தியாஸ் நோர்ட்சைய் 1990இல் வெளியிட்டது. கிண்டிலைக் கனவில்கூடப் பார்த்திராத காலத்தில் அச்சுக்காகச் செய்த எழுத்து, மோசமான திரையில் போய்ப் பிழைத்துக்கொண்டது.

## எல்லா ஸ்லாப்பும் புத்தகத்துக்கு ஆகாது

இந்த இடத்தில்தான் இணையத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். “ஸ்லாப் நல்லது” என்று கேள்விப்பட்டு, ராக்வெல்லில் இருநூறு பக்க நாவலைப் போடச் சொல்வார்கள். இரண்டு பக்கம் படித்தால் கண் சலிக்கும். ஒவ்வொரு எழுத்தின் காலிலும் கனமான பட்டை. அடுத்தடுத்த பட்டைகள் சேர்ந்து வரியின் அடியில் ரயில் ஓடின மாதிரி ஒரு கோடு தெரிய ஆரம்பிக்கும். ‘ஓ’ முழு வட்டம், ‘சி’ அதே வட்டத்தில் ஒரு வெட்டு. எழுத்துகள் ஒன்றையொன்று நகல் எடுத்த மாதிரி இருப்பதால் வார்த்தைக்கு முகம் இல்லாமல் போகும். தலைப்புக்கு ராக்வெல் ராஜா, உரைக்கு அல்ல.

புத்தகத்துக்கென்று செய்த ஸ்லாப்பில் என்ன மாற்றியிருப்பார்கள்? பாதம் பட்டையாகத்தான் இருக்கும், ஆனால் கோட்டைவிடக் கொஞ்சம் மெலிந்து, நீளமும் குறைந்திருக்கும். கோட்டிலும் லேசான ஏற்ற இறக்கம் இருக்கும், பேனா பிடித்து எழுதின வாடை. சாய்வெழுத்து என்பது நேர் எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்ததாக இல்லாமல், தனியாகக் கையெழுத்துப் போக்கில் வரைந்ததாக இருக்கும். சிசீலியாவின் சாய்வெழுத்தைப் பார்த்தால் இது புரியும்.

இரண்டு விஷயங்களை மட்டும் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது எக்ஸ் உயரம், அதாவது ஆங்கிலச் சின்ன எழுத்தான ‘எக்ஸ்’ எவ்வளவு உயரம் என்பது. ஒரே உயரமுள்ள இரண்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸில், ஒன்றில் சாதம் பாதிக்கு இருக்கிறது, இன்னொன்றில் முக்காலுக்கு இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் 10 பாயிண்ட். திறந்து பார்த்தால்தான் எதில் சோறு அதிகம் என்று தெரியும். பாயிண்ட் என்பது ஈய எழுத்துக் காலத்தில் அந்த ஈயக் கட்டையின் அளவு, மேலே இருக்கும் எழுத்தின் அளவு அல்ல. எக்ஸ் உயரம் கூடிய எழுத்து அதே பாயிண்ட்டில் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது உள்வெளி. எழுத்துக்குள் அடைபட்ட வெள்ளை இடம், ஆங்கில ‘ஓ’வின் வயிறு, சின்ன ‘ஈ’யின் கண். மை பரவும்போது முதலில் அடைபடுவது இதுதான். தாராளமான உள்வெளி இருந்தால் மட்டமான தாளிலும் எழுத்து மூச்சுவிடும்.

பாதம் கொஞ்சம் மெலிவு, உள்வெளி தாராளம், சாய்வெழுத்து தனி. இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்தாலே புத்தக ஸ்லாப்பையும் போஸ்டர் ஸ்லாப்பையும் பிரித்துவிடலாம்.

பத்திரிகைப் பக்கத்தின் தேவை இன்னும் கொஞ்சம் விரிவானது. தலைப்பு, துணைத்தலைப்பு, உரை, படக்குறிப்பு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிய வேண்டும். அதனால் ஒரே வடிவத்தை மெல்லியதில் இருந்து குண்டு வரை பல கனங்களில் செய்து ஒரு குடும்பமாகக் கொடுப்பார்கள். லண்டனின் கார்டியன் நாளிதழ் 2005இல் பக்க அமைப்பை மாற்றியபோது பால் பார்ன்ஸும் கிறிஸ்டியன் ஷ்வார்ட்ஸும் செய்து கொடுத்த கார்டியன் எகிப்தியன் அப்படி ஒரு பெரிய குடும்பம். பெயரில் மறுபடியும் எகிப்து!

## தமிழில் பாதம் வைத்தால் என்ன ஆகும்

“தமிழையும் ஸ்லாப் செரிஃப்ல போட்டுடுங்க” என்பார்கள். தமிழ் எழுத்துக்கு ரோமானியப் பாதம் கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த எழுத்து, வளைவும் சுழியும்தான் அதன் உடம்பு. பாதம் ஒட்டினால் அழகு கெடுமா கெடாதா என்பது அப்புறம். முதலில் வேறு ஒரு சிக்கல் வருகிறது.

துணைக்கால் ‘ா’வையும் ‘ர’வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கீழே சாய்ந்து இறங்கும் அந்தச் சின்னக் கோடு மட்டும்தான். ஓலைச்சுவடிகளில் அதுவும் கிடையாது. இடம் பார்த்துப் படிப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது துணைக்காலின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுங்கள். ‘பால்’ என்று படிப்பதா, ‘பரல்’ என்று படிப்பதா? ‘காடு’ ‘கரடு’ ஆகிவிடும். காசிமேட்டில் ஒரு ஃப்ளெக்ஸில் ‘வாளை’ மீன் ‘வரளை’யாகத் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் பாதம் எழுத்தை மாற்றாது. தமிழில் கால் வைக்கிற இடத்தில் எழுத்தே மாறிவிடும்.

அப்படியானால் ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ என்றெல்லாம் பெயர் வருகிறதே? அங்கே செரிஃப் என்பதை அந்த வீட்டு ஆங்கில எழுத்துக்கு ஜோடி என்று புரிந்துகொள்ளுங்கள். தமிழ் எழுத்தின் கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும், கூட வரும் ஆங்கில செரிஃபோடு சேர்ந்து போகும். அதே போக்கில், தமிழில் ஸ்லாப்புக்கு ஈடு என்று ஒன்றைத் தேடினால் பாதத்தைத் தேடக் கூடாது. கோடு முழுக்க ஏறக்குறைய ஒரே கனம், முனைகள் மழுங்கலாக நேராக வெட்டியது, சுழிகள் திறந்தது. இந்தக் குணங்களைத்தான் தேட வேண்டும்.

ஒரே கனக் கோடு என்பது ஓலைக்காலம் தொட்டுத் தமிழுக்குப் பழக்கமானதுதான். அதனால் இரண்டு மொழியும் ஒரே பக்கத்தில் வரும்போது, தமிழுக்குப் பக்கத்தில் அதிகக் கான்ட்ராஸ்ட் உள்ள ஆங்கில எழுத்தைவிட மெல்லிய ஸ்லாப் சமாதானமாக உட்காரும். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அச்சாவது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஃபப்ரீசியஸின் தமிழ்–ஆங்கில அகராதி வேப்பேரியில் 1779இல் அச்சானது. வின்ஸ்லோவின் பெரிய அகராதி மதராஸின் அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் 1862இல் வந்தது.

இதை நான் புத்தியால் கற்றுக்கொள்ளவில்லை, பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கத்துப் படிப்பகம் ஒன்றின் ஐம்பதாம் ஆண்டு மலர். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். தமிழுக்குக் கடையில் வழக்கமாகப் போடுகிற சீரான எழுத்து. ஆங்கிலத்துக்குப் போடோனி. திரையில் 200 சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோது மயங்கிவிட்டேன். லேசர் பிரிண்ட் ப்ரூஃபும் நன்றாகத்தான் இருந்தது. அச்சானது வழவழப்பில்லாத, மெல்லிய மேப்லித்தோ தாளில். மலர் கைக்கு வந்த அன்று, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் புரட்டிக்கொண்டே வந்தார். ஆங்கிலக் கட்டுரை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். “ஏன் தம்பி, இந்தப் பக்கத்துக்கு மட்டும் இங்க் தீர்ந்துபோச்சா?” என்றார். அச்சகத்தின் மேல் பழியைப் போட எனக்கும் ஆசைதான். ஆனால் இங்க் தீரவில்லை, நான் தேர்ந்தெடுத்த எழுத்து அப்படி.

எங்கள் வேலையில் இதைப் பக்கத்தின் நிறம் என்போம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தால் எழுத்து தெரியாது, சாம்பல் கட்டங்கள் தெரியும். தமிழ்க் கட்டமும் ஆங்கிலக் கட்டமும் ஒரே சாம்பலில் இருந்தால் நிறம் சேர்ந்தது என்று அர்த்தம். அந்த மலரில் ஒன்று கரி, இன்னொன்று சாம்பிராணிப் புகை. அடுத்த ஆண்டு மலருக்கு ஆங்கிலத்தை ரோபோட்டோ ஸ்லாப்பின் மெல்லிய கனத்தில், தமிழைவிட ஒரு பாயிண்ட் குறைத்துப் போட்டேன். பெரியவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழையைக் காட்டினார், அதோடு சரி.

வரி இடைவெளியில் ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் ‘கீ’ மேலே போகும், ‘ழூ’ கீழே போகும். ஆங்கிலத்துக்கு 10 பாயிண்ட்டுக்கு 12 போதும் என்றால் தமிழுக்கு நான் 14க்குக் குறைய வைப்பதில்லை. இரண்டும் கலந்த பக்கத்தில் தமிழுக்கு வேண்டியதைத்தான் கொடுக்க வேண்டும்.

## ஜெராக்ஸ் கடைச் சோதனை

எழுத்து தாங்குமா தாங்காதா என்று தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரே பத்தியை 9 பாயிண்ட்டில் மூன்று எழுத்துகளில் போட்டு ஒரு தாளில் பிரிண்ட் எடுங்கள். ஒன்று போடோனி மாதிரி, ஒன்று ராக்வெல் மாதிரி, ஒன்று புத்தக ஸ்லாப். அடியில் தமிழ் வரி ஒன்று, ‘ஞ’, ‘ண’, ‘இ’, ‘ஷ’ வருகிற மாதிரி. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நகல் எடுங்கள். அந்த நகலை நகல் எடுங்கள். அதையும் ஒரு முறை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

மூன்றாவது நகலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். என் மேஜையில் இப்போது இருக்கும் தாளில் போடோனியின் சின்ன ‘ஈ’ நடுக்கோடு இழந்து ‘சி’யாகிவிட்டது. ராக்வெல் உயிரோடு இருக்கிறது, ஆனால் ‘ஆர்’ரும் ‘என்’னும் கால் ஒட்டி ‘எம்’ மாதிரி தெரிகின்றன. புத்தக ஸ்லாப் கொஞ்சம் கறுத்திருக்கிறது, படிக்க முடிகிறது. தமிழ் வரியில் ‘இ’யும் ‘ண’வும் தப்பித்துவிட்டன. போல்டில் போட்டிருந்த ‘ஞ’வுக்கு மட்டும் சுழி அடைத்து, ஒரு மைப்பொட்டு உட்கார்ந்திருக்கிறது.